பதநீரைப் புளிக்க வைக்கும் நொதி: குளிரில் உறங்கும், வெயிலில் விழிக்கும்

ஒரே பனை, ஒரே கலயம், ஒரே அடுப்பு. முதல் நாள் காய்ச்சிய பாகு சிரட்டையில் ஊற்றிய சிறிது நேரத்தில் கல்லாக இறுகுகிறது. மறுநாள் காய்ச்சிய பாகு எவ்வளவு கிண்டினாலும் பிசுபிசுவென்று நிற்கிறது. இறுகினாலும் நான்கு நாளில் ஈரம் கசிகிறது. சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர், மாரியூர் பக்கம் விடிலி போட்டுக் காய்ச்சும் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ‘பதநீர் புளிச்சுப் போச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், நாக்கில் புளிப்பு தெரிவதற்கு வெகு நேரம் முன்பே கருப்பட்டிக்கான சேதம் நடந்து முடிந்துவிடுகிறது. அதைச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரும், அது சுரக்கும் நொதிகளும்தான். இவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டால், எப்போது சுண்ணாம்பை நம்புவது, எப்போது பனிக்கட்டிக்குச் செலவு செய்வது, எப்போது அடுப்பை மூட்டுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

ஈஸ்ட் செய்யும் இரண்டு வேலைகள்

பதநீரில் 100-க்கு 10 முதல் 13 பங்கு வரை சர்க்கரை இருக்கிறது. அதில் பெரும்பகுதி, கரும்புச் சாற்றில் உள்ள அதே சுக்ரோஸ். பாளையைச் சீவும்போது வெளிவரும் சாறு சுத்தமானது. காற்று, பூச்சி, அரிவாள், பழைய கலயம் ஆகியவற்றின் வழியாகத்தான் ஈஸ்ட் அதில் சேர்கிறது.

ஈஸ்டால் சுக்ரோஸை அப்படியே விழுங்க முடியாது. முதலில் அதை உடைக்க வேண்டும். அதற்காக ‘இன்வர்டேஸ்’ என்ற நொதியைத் தன் உடலின் வெளிச்சுவரில் வைத்திருக்கிறது. இந்த நொதி ஒவ்வொரு சுக்ரோஸையும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கிறது. இது முதல் வேலை. பிளந்த சர்க்கரையை உள்ளே இழுத்து, வேறு பல நொதிகளின் உதவியால் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவது இரண்டாவது வேலை. நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். பதநீர் கள்ளாவது இப்படித்தான். இதற்கிடையே பாக்டீரியாக்களும் புகுந்து அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பைக் கூட்டுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் வேலை நடக்கும்போது இனிப்பு குறைவதில்லை. நுரையும் வராது, வாடையும் மாறாது. குடித்துப் பார்த்தால் நல்ல பதநீர் போலவே இருக்கும். ஆனால், பிளந்த சர்க்கரைக்குச் சுக்ரோஸ் போல மணி கட்டும் குணம் கிடையாது. பக்கத்தில் உள்ள சுக்ரோஸையும் மணி கட்ட விடாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இதன் விளைவு இரட்டிப்பு. பாகு இறுகாததற்கும், இறுகிய கருப்பட்டி கசிவதற்கும் இதுவே காரணம். பனங்கற்கண்டு போடுகிறவர்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். வாரக்கணக்கில் பாகை அசையாமல் வைத்துக் காத்திருந்தும் கல் கட்டாமல் போகும்.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு: சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மானியை வைத்து இந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அது கரைந்துள்ள மொத்தப் பொருளைத்தான் காட்டும். பிளந்த சர்க்கரையா, பிளக்காததா என்று பிரித்துச் சொல்லாது.

பாகு இறுகாத நாளில் சிலர் வெள்ளைச் சீனியைக் கொட்டி இறுக வைக்கிறார்கள். கருப்பட்டியில் சீனி கலப்படம் என்ற கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம். நேர்மையாகக் காய்ச்சுகிறவரின் சரக்கும் அந்தச் சந்தேகத்தில் விலை குறைகிறது. எனவே, பதநீரைப் பிளவுபடாமல் அடுப்புக்குக் கொண்டு சேர்ப்பது பனைத் தொழிலின் மானப் பிரச்சினையும்கூட.

ஈஸ்டிலிருந்து நொதியைத் தனியே எடுத்த கதை

நொதி என்பது உயிரல்ல. அது ஒரு வகைப் புரதம். இந்த உண்மை விளங்க வெகுகாலம் ஆனது. 1860-ல் பிரான்சைச் சேர்ந்த வேதியியலாளர் பெர்த்தலோ, ஈஸ்டிலிருந்து சர்க்கரையைப் பிளக்கும் பொருளைத் தனியே பிரித்துக் காட்டினார். அதுதான் இன்வர்டேஸ். ஆனால், சாராயமாக மாற்றும் வேலைக்கு உயிருள்ள ஈஸ்ட்தான் வேண்டும் என்றே அப்போது பலரும் நம்பினார்கள்.

1897-ல் ஜெர்மனியின் எடுவார்ட் புக்னர் அந்த நம்பிக்கையை உடைத்தார். ஈஸ்டை மணலுடன் சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். அது கெடாமல் இருக்க, பழப்பாகில் போடுவது போலச் சர்க்கரையைச் சேர்த்தார். கெடாமல் இருப்பதற்குப் பதிலாகச் சாறு நுரைத்துப் பொங்கியது. உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே சர்க்கரை சாராயமாக மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சாற்றிலிருந்த நொதிக்கு ‘சைமேஸ்’ என்று பெயர் வைத்தார். 1907-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில்தான் சைமேஸ் என்பது ஒரே நொதியல்ல, பல நொதிகளின் கூட்டம் என்று தெரியவந்தது.

இன்றும் ஆய்வகங்களில் இன்வர்டேஸை ஏறக்குறைய இந்த வழியில்தான் எடுக்கிறார்கள். ஈஸ்டின் சுவரை உடைத்து, சாற்றை வேகமாகச் சுழற்றிக் கசடை நீக்குகிறார்கள். குளிர்ந்த சாராயத்தையோ அம்மோனியம் சல்பேட் உப்பையோ சேர்த்து நொதியை வீழ்படிவாக்கி வடிக்கிறார்கள். பிரித்தெடுக்கும் வேலையின் பெரும்பகுதி 4 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரில் நடக்கும். காரணம், சுவர் உடைந்ததும் ஈஸ்டின் உள்ளேயிருக்கும் புரதம் தின்னும் நொதிகளும் வெளியே வந்து, நமக்கு வேண்டிய நொதியைத் தின்னத் தொடங்கிவிடும். குளிரில் அவற்றின் கை கட்டப்படுகிறது. எடுத்த நொதியைக் கிளிசரின் கலந்து குளிர்பெட்டியில் வைப்பார்கள், அல்லது உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குவார்கள். உள்ளே இளகிய பாகு உள்ள சாக்லேட் செய்ய இந்த நொதியைத்தான் சேர்க்கிறார்கள். கல்லாக இருக்கும் சர்க்கரையை அது நாளடைவில் இளக வைக்கிறது. அங்கே லாபம் தரும் அதே வேலை, நம் விடிலியில் நஷ்டமாகிறது.

குளிர் கொல்லாது

இந்த ஆய்வகக் கதையில் நமக்கான பாடம் ஒன்று இருக்கிறது. நொதியைக் கெடாமல் பாதுகாக்கத்தான் அவர்கள் குளிரைப் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால், பதநீரைக் குளிரவைக்கும்போது நாமும் நொதியைக் கொல்வதில்லை. உறங்க வைக்கிறோம், அவ்வளவுதான். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் திரவ நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் விந்துக் குச்சிகளை வைத்திருக்கிறார். வெளியே எடுத்து இளஞ்சூட்டில் வைத்ததும் உயிரணு விழித்துக்கொள்கிறது. ஈஸ்டும் நொதியும் அதே ரகம்.

பொதுவாக, வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நொதியின் வேகம் பாதி அளவுக்குக் குறையும். 34 டிகிரியில் இருக்கும் பதநீரை 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மூன்று முறை பாதியாகி, வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஈஸ்ட் பெருகும் வேகம் அதைவிடவும் குறையும். ஆனால், பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் மறுபடி பழைய வேகம் வந்துவிடும். குளிர்ந்த பதநீரைப் பேருந்தில் ஏற்றி, இரண்டு மணி நேரம் சூட்டில் கொண்டுபோய், மறுபடி குளிர்பெட்டியில் வைப்பதில் அர்த்தமில்லை. நடுவில் நேர்ந்த சேதத்தைக் குளிர் திருப்பித் தராது. உறைய வைத்து உருக்கிய பதநீரையும் உடனே குடித்துவிட வேண்டும்.

நொதியை நிரந்தரமாக முடக்குவது சூடுதான். கொதிநிலையை நெருங்கியதும் ஈஸ்டும் சாகும், நொதியும் குலைந்துபோகும்.

கலயத்தில் தொடங்கும் கணக்கு

இனிப்பான சாற்றில், 30 டிகிரி சூட்டில், ஈஸ்ட் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். மாலை கட்டிய கலயத்தைக் காலையில் இறக்கும் 12 மணி நேரத்தில் ஆறு முறை இரட்டித்து, ஒன்று 64 ஆகிவிடும். கழுவாத கலயத்தில் நல்ல கலயத்தைவிட 100 மடங்கு ஈஸ்ட் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 மடங்கை எட்ட, சுத்தமான கலயத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது, அழுக்குக் கலயத்தைக் கட்டுகிறவர், பதநீர் சொட்டத் தொடங்கும் முன்பே ஒரு ராத்திரியை ஈஸ்டுக்குத் தாரை வார்த்துவிடுகிறார். அதன்பின் எத்தனை கிலோ பனிக்கட்டி வைத்தாலும் பயன் குறைவு.

மண் கலயத்தின் நுண்துளைகளில் ஈஸ்ட் ஒளிந்துகொள்ளும். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. கொதிநீரால் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, அனலில் காட்டி எடுங்கள். பாளை அரிவாளையும் வடிகட்டும் துணியையும் நாள்தோறும் கொதிநீரில் போட்டெடுங்கள்.

சுண்ணாம்பு ஏன் வேலை செய்கிறது?

ஈஸ்டின் இன்வர்டேஸ் நொதிக்குப் பிடித்தது லேசான புளிப்பு. கார அமில நிலை 4.5-ஐ ஒட்டி இருக்கும்போது அது முழு வேகத்தில் ஓடும். பதநீர் புளிக்கப் புளிக்க அந்த அளவை நோக்கித்தான் இறங்குகிறது. புளிப்பு கூடக் கூடப் பிளவு கூடும். நம் முன்னோர் கலயத்தில் பூசிய சுண்ணாம்பு அதைத் தலைகீழாக்கிவிடுகிறது. காரம் ஏறியதும் ஈஸ்ட் பெருகாது, நொதியும் முடங்கும்.

ஆனால், சுண்ணாம்பு புதிதாக நீற்றியதாக இருக்க வேண்டும். திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணக்கல்லாகிவிடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வீரியம் இருக்காது. மூடிய பானையில், மேலே தண்ணீர் நிற்கும்படி வைத்திருங்கள். அளவு மிஞ்சினாலும் தொல்லை உண்டு. ஏற்கெனவே பிளந்த சர்க்கரை, காரமும் சூடும் சேர்ந்தால் கறுத்துவிடும். கருப்பட்டி கரிய நிறமாகி, நாவில் காரல் அடிக்கும்.

அளவைக் கண்ணால் சொல்ல முடியாது. கார அமிலம் காட்டும் பி.எச். தாள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இறக்கிய பதநீர் 8-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்லது. 7-க்குக் கீழே இறங்கிய கலயத்தைத் தனியே வையுங்கள். ஒரு கலயத்துப் புளிப்பை முழுக் கொப்பரையிலும் கலந்துவிடாதீர்கள்.

காசர்கோட்டின் குளிர்பெட்டி

சுண்ணாம்பே இல்லாமல் குளிரை மட்டும் நம்பும் முறை தென்னையில் வெற்றி பெற்றிருக்கிறது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னம்பாளைக்கு ஒரு குளிர்பெட்டியை உருவாக்கியது. ஒரு குழாயின் ஒரு முனை பாளையில் பொருந்தும். மறுமுனையில் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரம் இருக்கும். வெளிச்சூடு புகாதபடி உறை போட்டிருப்பார்கள். சொட்டும் சாறு உடனே குளிர்ந்துவிடுவதால் தேன் நிறத்தில், சுண்ணாம்பு வாடையில்லாமல் கிடைக்கிறது. அதற்குக் ‘கல்பரசா’ என்று பெயர் வைத்தார்கள். குடிக்கவும், தென்னஞ்சர்க்கரை காய்ச்சவும் அது பயன்படுகிறது.

இதை அப்படியே பனைக்குத் தூக்கிவர முடியுமா? யோசித்துத்தான் செய்ய வேண்டும். பனை உயரம். ஒரே மரத்தில் பல பாளைகள், பல கலயங்கள். நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏறி இறங்கும் பனையேறி, ஒவ்வொரு கலயத்துக்கும் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு ஏறுவது உடம்புக்கும் ஆபத்து, கணக்குக்கும் கட்டாது. எனவே, மரத்தின் மேல் சுண்ணாம்பு, தரைக்கு வந்ததும் குளிர் என்பதுதான் நமக்குப் பொருந்தும் வழி.

பனிக்கட்டி யாருக்குக் கட்டும்?

கருப்பட்டி காய்ச்சுகிறவருக்குப் பெரும்பாலும் பனிக்கட்டி தேவையில்லை. விடியற்காலையில் இறக்கி, வெயில் ஏறும் முன் அடுப்பில் ஏற்றிவிட்டால் போதும். 8 முதல் 10 லிட்டர் பதநீரைச் சுண்டவைத்தால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதன்மேல் பனிக்கட்டிச் செலவையும் ஏற்றினால் தாங்காது.

குடிக்கும் பதநீராக விற்பவருக்குத்தான் குளிர் லாபம் தரும். ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை என்று கொண்டுபோகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பதநீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்கச் சுமார் 6 கிலோ பனிக்கட்டி உருக வேண்டும். வழியில் புகும் சூட்டையும் சேர்த்தால் 8 முதல் 10 கிலோ வரை தயாராக வைத்திருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியின் மூடி இறுக்கமாக இருந்தால் செலவு குறையும்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதியில் மீன்பிடித் தொழிலுக்காக ஐஸ் கிடைப்பது நமக்கு ஒரு வசதி. ஆனால், மீனுக்கான ஐஸ் குடிப்பதற்கானது அல்ல. அதைப் பதநீருக்குள் போடவே கூடாது. மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் பதநீரை ஊற்றி, வெளியே சுற்றிலும் ஐஸை நிரப்புங்கள். உருகிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் வைத்த பெட்டியைப் பதநீருக்குப் பயன்படுத்த வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பின் காரம் அதை அரிக்கும்.

அகன்ற ஒரே பெரிய பாத்திரத்தைவிட, ஒல்லியான 5 லிட்டர் தூக்குகள் விரைவில் குளிரும். நடுவில் உள்ள பதநீர் சூடாகவே இருந்தால், அங்கே ஈஸ்ட் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும்.

அடுப்பில் கவனிக்க வேண்டியது

ஈஸ்டின் இன்வர்டேஸ் 50 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் மிக வேகமாக வேலை செய்யும். ஈஸ்ட் செத்த பிறகும் நொதி சற்று நேரம் ஓடும். ஆகவே, பதநீரை மிதமான தணலில் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவது தவறு. தொடக்கத்தில் நன்றாக எரியவிட்டு, விரைவாகக் கொதி வரவைத்து, அந்த ஆபத்தான சூட்டைத் தாண்டிவிடுங்கள். தீயைக் குறைப்பது பாகு பதத்தை நெருங்கும்போதுதான். முதலில் இறங்கிய பதநீரை எல்லாம் வந்து சேரும்வரை காக்கவைக்காமல், வந்தவரை கொதிக்கவிட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே புளித்த பதநீரைக் கொதிக்க வைத்தால் நொதி சாகும், ஆனால் புளிப்பு அப்படியே இருக்கும். அமிலமும் சூடும் சேர்ந்தால் நொதியே இல்லாமல் சுக்ரோஸ் பிளக்கும். அதனால்தான் புளித்ததைக் காய்ச்சிச் சரிசெய்ய முடிவதில்லை.

கற்கண்டுக்காகச் சுண்ணாம்பைப் பிரிக்கச் சிலர் சூப்பர் பாஸ்பேட் போடுகிறார்கள். உரக்கடையில் வாங்குவது நிலத்துக்கானது. வயிற்றுக்கு ஆகாத அசுத்தங்கள் அதில் இருக்கும். பதநீரைத் தெளியவிட்டு, அடியில் படிந்த சுண்ணாம்பை ஒதுக்கி, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். அதற்கு மேலும் நீக்க வேண்டுமானால், உணவுத் தரப் பொருளை மட்டும், தெரிந்தவரிடம் அளவு கேட்டுப் பயன்படுத்துங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது. பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே நிற்பது சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான். காலையில் பதநீராக இருந்தது, கவனக்குறைவால் பிற்பகலில் கள்ளாகிவிட்டால், பனையேறிக்கு வருவது நஷ்டம் மட்டுமல்ல, வழக்கும்தான். எனவே, சுண்ணாம்பு இல்லாமல் குளிர்முறையில் பனஞ்சாறு இறக்கிப் பார்க்க விரும்புவோர், உரிய அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். நுரை கட்டிய பதநீரை விற்பனைக்கு வைக்காதீர்கள். அதை இறுக மூடிய புட்டியிலும் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

2021-ல் தமிழக அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. விதை நடுவதிலும் மரத்தைக் காப்பதிலும் அக்கறை வந்திருக்கிறது. நட்ட பனை பாளை விட ஆண்டுகள் பல ஆகும். இன்று நிற்கும் மரத்தில் சொட்டுவதை வீணாக்காமல் காப்பது இந்த சீசனிலேயே கைக்கு வரும் பலன். வரும் வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு கலயங்களை மட்டும் கொதிநீரில் கழுவி, அனலில் காட்டி, புதுச் சுண்ணாம்பு பூசிக் கட்டுங்கள். அந்தப் பதநீரைத் தனியே காய்ச்சுங்கள். சிரட்டையைக் கவிழ்க்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.